ஸ்மார்ட் போர்டா, சார்ட் அட்டையா?

எங்கள் இயற்பியல் துறைக்கு முன்னாள் மாணவர்கள் சிலர் சேர்ந்து இரண்டு லட்சம் ரூபாய் அனுப்பினார்கள். "ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்குப் பாடம் புரியற மாதிரி ஏதாவது டெக்னாலஜி வாங்குங்க சார்" என்பது மட்டும்தான் நிபந்தனை. பணம் வந்த வாரமே துறைக்குள் கட்சி பிரிந்துவிட்டது. ஹெச்.ஓ.டி. மேடம் ஸ்மார்ட் போர்டு பக்கம். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், நம் பாடங்களை நாமே வீடியோ எடுக்க ஒரு குட்டி ஸ்டுடியோ போடலாம் என்றார். லேப் பொறுப்பில் இருப்பவர் கிளிக்கர் கேட்டார். டிவி ரிமோட் மாதிரி ஆளுக்கு ஒன்று; கேள்வி கேட்டதும் மாணவர்கள் பொத்தானை அழுத்தினால் யார் எந்த விடையைத் தேர்ந்தார்கள் என்ற கணக்கு திரையில் வந்துவிடும். நான்காவது கட்சி ஏ.ஐ. சந்தா கட்டச் சொன்னது. கல்லூரியில் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருக்கும் மூடில் என்ற இணையவழிப் பாட மென்பொருளை எழுப்பினாலே போதும் என்ற ஐந்தாவது கட்சியில் நான் மட்டும் இருந்தேன். அதற்குச் செலவே இல்லை என்பதால் யாரும் அதை ஒரு யோசனையாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு மாதம் பேசினோம், படித்தோம், கொஞ்சம் சண்டையும் போட்டோம். இதே மாதிரி ஒரு தொகையைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் துறைகள் நிறைய இருக்கும் என்பதால் அந்தக் கணக்கை இங்கே எழுதி வைக்கிறேன்.

எதை வைத்து ஒப்பிடுவது?

பொருளை ஒப்பிடுவதற்கு முன்னால், படிப்பு தலையில் எப்படி ஏறுகிறது என்பதில் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருந்தது. தேர்வுக்கு முந்தைய இரவு விடுதி வராந்தாவில் நடந்து பாருங்கள். லோக்கல் ஆதர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு டூ மார்க் கேள்விகளை உதடு அசைய அசையப் படித்துக்கொண்டிருப்பார்கள். நான்காவது தடவை படிக்கும்போது வரி வழுக்கிக்கொண்டு போகும். "இது தெரியும்" என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள்.

அந்த "தெரியும்" எவ்வளவு நம்பத் தகுந்தது என்பதை 2006இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் சோதித்தார்கள். கல்லூரி மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்து ஒரு கட்டுரையைக் கொடுத்தார்கள். முதல் குழு நான்கு சுற்றும் படித்தது. இரண்டாவது குழு மூன்று சுற்று படித்துவிட்டு, கடைசிச் சுற்றில் தாளை மூடிவைத்து நினைவில் இருந்ததை எழுதியது. மூன்றாவது குழு ஒரே ஒரு சுற்று படித்து, மீதி மூன்று சுற்றும் பார்க்காமல் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் முறையே 83, 78, 71 சதவீதம் நினைவில் இருந்தது. திரும்பத் திரும்பப் படித்தவர்களே முதலிடம். ஒரு வாரம் கழித்து வேறு மாணவர்களிடம் இதையே செய்தபோது கணக்கு தலைகீழ்: 40, 56, 61. இன்னொரு வேடிக்கை, நிறைய நினைவில் நிற்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்களும் நான்கு சுற்று படித்த அந்த முதல் குழுதான்.

நம் செமஸ்டர் தேர்வு பெரும்பாலும் அந்த ஐந்து நிமிடச் சோதனையின் பெரிய வடிவம். இரவு படித்துக் காலையில் எழுதிவிடலாம். ஓட்டை தெரிவது மூன்றாவது செமஸ்டரில், "இதெல்லாம் ஃபர்ஸ்ட் இயர்ல படிச்சீங்களே" என்று எலக்ட்ரானிக்ஸ் ஆசிரியர் கேட்கும்போது. வகுப்பே அவரைப் புதிதாகப் பார்க்கும்.

ஆக, அளவுகோல் இதுதான் என்று ஒத்துக்கொண்டோம்: வாங்கப்போகும் பொருள், மாணவரைத் தன் தலைக்குள்ளிருந்து எதையாவது தோண்டி எடுக்க வைக்குமா? அதை எத்தனை பேரிடம், எவ்வளவு அடிக்கடி செய்ய வைக்கும்? இந்த இடத்தில் மேடம் சேர்த்த இன்னொரு நிபந்தனையும் நியாயமானது. நாளைக்கு அது ரிப்பேர் ஆனால் யார் பார்ப்பது?

சீக்கிரம் கழித்தவை

ஸ்மார்ட் போர்டைக் கழிக்கப் பத்து நிமிடம் ஆனது. மேடத்திடம் சொல்வதற்குத்தான் இரண்டு நாள் ஆனது. போர்டு எவ்வளவு ஸ்மார்ட் ஆனாலும் அதில் எழுதப்போவது நான்தான். இப்போதே நான் ஒரு சமன்பாட்டை எழுதி முடித்துத் திரும்பினால் இருபது போன் உயர்ந்து படம் எடுக்கும். போட்டோ கேலரிக்குப் போன சமன்பாடு தலைக்குப் போவதில்லை. புதிய போர்டு வந்தால் போட்டோ இன்னும் தெளிவாக இருக்கும், அவ்வளவுதான். அசையும் படங்கள், மெய்நிகர் சோதனைகள் வேண்டும் என்றால், கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய ஃபெட் தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. இருக்கிற ப்ரொஜெக்டரே போதும்.

வீடியோ ஸ்டுடியோவை அப்படி ஒரு வரியில் தள்ள முடியவில்லை. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் தொகுப்பில் முதலாண்டு இயற்பியலுக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. 2017இல் வந்த ஸ்வயம் என்ற அரசு இணையதளம் வழியாக அதைப் படித்து மதிப்பெண்ணாகவும் மாற்றிக்கொள்ளலாம். அதைவிட நன்றாக, தெர்மாகோல் ஒட்டிய எங்கள் ஸ்டோர் ரூமில் நாங்கள் எடுத்துவிடுவோம் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. எடுத்தாலும் பார்ப்பார்களா என்பது அடுத்த கேள்வி. இணையவழிப் படிப்புகள் நடத்தும் எட்எக்ஸ் தளத்தின் 69 லட்சம் வீடியோப் பார்வைகளை ஆராய்ந்து 2014இல் வந்த முடிவு, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பாதிப் பேராவது ஆறு நிமிடத்துக்கு மேல் தங்குவதில்லை என்றது. எங்கள் பீரியட் ஐம்பது நிமிடம்.

2015இல் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் கோடிங்கரும் குழுவினரும் ஓர் இணையவழி உளவியல் படிப்பை ஆராய்ந்தார்கள். பயிற்சிகளைச் செய்து பார்த்ததற்கும் தேர்வு மதிப்பெண்ணுக்கும் இருந்த தொடர்பு, வீடியோ பார்த்ததற்கும் மதிப்பெண்ணுக்கும் இருந்த தொடர்பைப் போல ஆறு மடங்கு. இதைப் படித்துக் காட்டியதும் ஸ்டுடியோ தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்புறம் அவர் சொன்னதும் சரியான விஷயம்தான். அவர் வகுப்பில் ஒரு மாணவி, பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவர். ஆங்கிலத்தில் நடக்கும் பாடம் முதல் மூன்று மாதம் அவருக்கு வெறும் இரைச்சல். வகுப்பில் கையைத் தூக்கி "இன்னொரு தடவை சொல்லுங்க சார்" என்று கேட்கக் கூச்சம். பேருந்தில் ஒரு மணி நேரம் பயணம். அந்த ஒரு மணி நேரத்தில் அதே பாடத்தின் வீடியோவை 0.75 வேகத்தில் போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்ப்பாராம். ஆசிரியரை மெதுவாக்குவது, நிறுத்துவது, பின்னால் ஓட்டுவது எல்லாம் வீடியோவில் மட்டும்தான் முடியும். என்பிடெல் பாடங்கள் பலவற்றுக்குத் தமிழ் எழுத்துரையும் இருக்கிறது. அதனால் வீடியோ வேண்டும், ஸ்டுடியோ வேண்டாம். ஒவ்வொரு யூனிட்டுக்கும் எந்த வீடியோவில் எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை பார்க்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டோம். அந்தப் பட்டியலைத் தம்பியே இரண்டு ராத்திரி உட்கார்ந்து செய்தார்.

கிளிக்கரும் அதன் ஏழை அண்ணனும்

எனக்கு மிகவும் பிடித்த கட்சி இது, வாங்கவேண்டாம் என்று நான் அதிகம் வாதாடியதும் இதைத்தான்.

ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர், நல்ல ஆசிரியர் என்று மாணவர்களிடம் பெயர் வாங்கியவர். 1990 வாக்கில் தன் மாணவர்களுக்குக் கணக்கே இல்லாத, விசை பற்றிய அடிப்படைக் கேள்விகளைக் கொடுத்துப் பார்த்தார். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா என்று ஒரு மாணவி கேட்டாராம். அந்தக் கேள்வி தன்னை உலுக்கிவிட்டது என்று மசூர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் வகுப்பின் வடிவம் மாறியது: கொஞ்சம் விளக்கம், ஒரு கேள்வி, ஒவ்வொருவரும் தனியாக விடை சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னவர்கள் 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால், பக்கத்தில் இருப்பவரோடு வாதாடிவிட்டு மறுபடி விடை. அதற்குக் கீழே என்றால் ஆசிரியர் மறுபடி விளக்க வேண்டும், மேலே என்றால் அடுத்ததற்குப் போகலாம்.

இதில் கிளிக்கருக்கு என்ன பங்கு என்பதுதான் எங்கள் இரண்டு லட்சக் கேள்வி. 2008இல் கனடாவின் கியூபெக் மாகாணக் கல்லூரி ஒன்றில் நத்தானியேல் லாஸ்ரி அதையே சோதித்திருக்கிறார். ஒரு பிரிவுக்குக் கிளிக்கர், இன்னொரு பிரிவுக்குக் காகித அட்டை. பாடம், முறை, ஆசிரியர் எல்லாம் ஒன்று. கற்றதில் வேறுபாடு இல்லை. கிளிக்கரில் கணக்கு தானாகப் பதிவாகும், அட்டையில் பதிவாகாது, அது ஆசிரியருக்கான வசதி. அறுபது கிளிக்கருக்கு பேட்டரி மாற்றுவது யார் என்று நான் கேட்டபோது லேப் பொறுப்பாளர் தன் லேப் அட்டெண்டரைப் பார்த்தார். அட்டெண்டர் ஜன்னலைப் பார்த்தார்.

சார்ட் பேப்பர் நான்கு நிறத்தில் வாங்கி வெட்டினோம். ஒரு வகுப்புக்கு இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை.

முதல் நாள் கேட்ட கேள்வி பழைய கேள்விதான். ஒரு பந்தை நேர் மேலே எறிகிறோம். உச்சியில் ஒரு கணம் அதன் திசைவேகம் சுழி. அந்தக் கணத்தில் முடுக்கம் எவ்வளவு? சுழி என்றால் சிவப்பு, கீழ்நோக்கி 9.8 என்றால் பச்சை, மேல்நோக்கி 9.8 என்றால் மஞ்சள், சொல்ல முடியாது என்றால் நீலம். மூன்று எண்ணியதும் தூக்க வேண்டும், பக்கத்தில் பார்க்கக் கூடாது.

தூக்கினார்கள். வகுப்பு சிவப்பாக இருந்தது. அங்கங்கே, மூன்றில் ஒரு பங்கு இருக்கலாம், பச்சை. பிளஸ் டூவில் இயற்பியலில் தொண்ணூறு வாங்கிய பிள்ளைகள் இவர்கள். நான் எதுவும் சொல்லவில்லை. "பக்கத்துல வேற கலர் தூக்கினவங்களைப் பிடிச்சுப் பேசுங்க, ரெண்டு நிமிஷம்" என்றேன். சந்தைக்கடைச் சத்தம். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் தோழியைப் பிடித்துக்கொண்டிருந்தார்: "முடுக்கம் சைபர்னா வேகம் மாறவே கூடாதுல்ல? அப்போ உச்சியில சைபராவே இருக்கணும். பந்து அங்கேயே தொங்கணும்டி. அப்புறம் எப்படிக் கீழே வருது?" தோழி தன் சிவப்பு அட்டையை மெல்ல மடியில் கவிழ்த்தார். கடைசி பெஞ்சில் ஒருவன் பேனா மூடியை மேலே எறிந்து எறிந்து பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி தூக்கச் சொன்னபோது பெரும்பாலும் பச்சை. இதை நான் பதினைந்து வருடமாக விளக்கியிருக்கிறேன், அந்த மூன்றாவது பெஞ்சுப் பெண் சொன்ன அளவுக்குச் சுருக்கமாக ஒருநாளும் சொன்னதில்லை.

மசூருக்கு ரொம்ப முன்பே நம் நன்னூல் இதற்கு ஒரு பங்கீடு வைத்திருக்கிறது: ஆசிரியர் சொன்னதை முழுதாக வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் ஆகும், உடன் படிப்பவரோடு பழகுவதில் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துச் சொல்வதில் மீதி அரை. பின்னங்களை யாரும் அளந்து பார்த்ததில்லை என்றாலும் வரிசையைப் பாருங்கள். இன்னொன்றும் உண்டு. எழும்பூரில் இருந்த ராணுவ அனாதை இல்லத்துக்கு 1789இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், இங்கே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துவிட்டு, மாணவர்களே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையைத் தன் இல்லத்தில் நடத்தினார். 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் மெட்ராஸ் காலேஜ் என்று ஒரு பள்ளி இன்றும் நடக்கிறது. நாம் அனுப்பிய சரக்கு ஹார்வர்டு முத்திரையோடு திரும்பி வந்திருக்கிறது என்று நான் சொன்னதைத் துறையில் யாரும் பெரிதாக ரசிக்கவில்லை.

இந்த முறையின் தொல்லையையும் சொல்ல வேண்டும். மூன்றாவது வாரம் எனக்கு ஃபீட்பேக் வந்தது: "சார் பாடமே நடத்த மாட்டேங்கிறார், எங்களையே பேசச் சொல்றார்." மனசு சங்கடமாகத்தான் இருந்தது. 2019இல் லூயி டெலோரியே என்பவரும் சக ஆய்வாளர்களும் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் பார்த்ததும் இதுவே. தானே முட்டி மோதிய வகுப்பில் மாணவர்கள் அதிகம் கற்றார்கள், ஆனால் வழவழவென்று போன விரிவுரையில்தான் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். முன்பு சொன்ன 40, 61 கணக்கின் இன்னொரு முகம் இது. நேரமும் பிரச்சினை. 45 மணி நேரத்தில் ஐந்து யூனிட் முடிக்க வேண்டும். ஒரு கேள்விக்கு ஏழெட்டு நிமிடம் போய்விடும். ஒவ்வொரு யூனிட்டிலும் வெறும் வரையறைகளாக இருந்த பகுதிகளை வகுப்பிலிருந்து எடுத்து வீட்டு வாசிப்புக்குத் தள்ளினேன். மேடம் இதற்குச் சம்மதித்தது தேர்ச்சிக் கணக்கைக் காட்டிய பிறகுதான். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வந்த கட்டுரையில், விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் தோல்வி 33.8 சதவீதம், மாணவர் பங்கெடுத்த வகுப்புகளில் 21.8. அரியர் குறையும் என்றால் எந்தத் துறைத் தலைவரும் காது கொடுப்பார்.

மூடிலை எழுப்பியது

ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கி 2002இல் வெளியிட்ட மூடில் இலவச மென்பொருள். எங்கள் கல்லூரியில் அது பி.பி.டி. போட்டு வைக்கும் குடோனாக இருந்தது. உண்மையில் அதன் முதுகெலும்பு வினாவங்கி. வெள்ளிக்கிழமை மாலை திறந்து ஞாயிறு இரவு மூடும் பத்துக் கேள்வி வினாடி வினா ஒன்று போட்டோம். ஆறு கேள்வி இந்த வாரத்துப் பாடம், நான்கு பழைய வாரங்களிலிருந்து. இன்டர்னலில் ஐந்தே மதிப்பெண். பயம் வரக் கூடாது, ஆனால் வாராவாரம் தோண்ட வேண்டும்.

முதல் வாரம் சனிக்கிழமை மதியத்துக்குள் விடைகள் ஸ்கிரீன்ஷாட்டாக வாட்ஸ்ஆப் குழுவில் வந்துவிட்டன. அதற்கும் மூடிலில் வழி இருக்கிறது. ஒரே கணக்கில் ஆளுக்கு ஆள் எண்கள் மாறும்படி போடலாம், வங்கியிலிருந்து ஆளுக்கு வேறு கேள்வி வரும்படி செய்யலாம். எண் மாறியதும் குழுவில் விடைக்குப் பதில் வழிமுறை பகிரப்பட்டது. "மாஸை இங்க போடு, கடைசில ரூட் எடு" என்று ஒருவன் இன்னொருவனுக்கு ஆடியோ அனுப்பியதைக் கேட்டபோது, காப்பி அடிப்பதைத் தடுக்கப்போய் டியூஷனைத் தொடங்கி வைத்துவிட்டோமோ என்று தோன்றியது.

செலவு பணத்தில் இல்லை, எங்கள் விடுமுறையில் இருந்தது. ஒரு நல்ல கேள்வி எழுத எனக்கு அரை மணி நேரம் ஆகிறது. தவறான விடைகள் மூன்றும் நம்பும்படி இருக்க வேண்டும் என்பதுதான் கடினம். நான்கு பேர் பங்கு போட்டு மே மாதம் முழுக்க எழுதினோம்.

ஏ.ஐ. சந்தா

மாணவர்கள் கையில் அது ஏற்கெனவே இலவசமாக இருக்கிறது. கேள்வி, காசு கட்டி நாம் அதை அதிகாரபூர்வமாக்க வேண்டுமா என்பதே. ஆதாரம் இரண்டு பக்கமும் இழுக்கிறது. துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணிதத்தில் செய்த ஆய்வு 2025இல் வெளியானது. சாதாரண ஜிபிடியோடு பயிற்சி செய்தவர்கள் பயிற்சியில் 48 சதவீதம் முன்னேறினார்கள். அதைப் பிடுங்கிவிட்டுத் தேர்வு வைத்ததும், ஏ.ஐ. பார்க்காதவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். விடை தராமல் குறிப்பு மட்டும் தரும்படி கட்டுப்படுத்திய ஜிபிடியில் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. அதே 2025இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்பு ஒன்றிலிருந்து வந்த முடிவு நேர் எதிர்: ஏ.ஐ. ஆசிரியரோடு படித்தவர்கள், பங்கெடுக்கும் வகுப்பில் இருந்தவர்களைவிடக் குறைந்த நேரத்தில் இரண்டு மடங்குக்கு மேல் கற்றார்கள். ஆனால் அந்த ஏ.ஐ.க்குப் பாடத்தின் படிகளையும் விடைகளையும் ஆசிரியர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, அவசரப்பட்டு விடையைச் சொல்லாதே என்று கட்டிப்போட்டிருந்தார்கள். அந்த வேலையைச் செய்ய எங்களிடம் ஆள் இல்லை.

நானும் ஒரு சின்னப் பரிசோதனை செய்தேன். பந்து கேள்வியை ஒரு மாணவனிடம் கொடுத்து ஏ.ஐ.யிடம் கேட்கச் சொன்னேன். அழகான தமிழில், படிப்படியாக, சரியான விடை வந்தது. படித்துவிட்டு "கிளியர் சார்" என்றான். ஊஞ்சல் ஒரு பக்கக் கோடிக்குப் போய் ஒரு கணம் நிற்கும்போது முடுக்கம் என்ன என்று கேட்டேன். "சைபர்" என்றான்.

சந்தா வாங்கவில்லை. அதற்குப் பதில், ஞாயிறு இரவு வினாடி வினா மூடிய பிறகு, "எனக்கு விடை சொல்லாதே, நான் எங்கே தப்பாக யோசித்தேன் என்று என்னிடம் கேள்வி கேள்" என்று தொடங்கும் ஒரு பத்தியை எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஒட்டிப் பயன்படுத்துகிறவர்கள் கொஞ்சம் பேர். மீதிப் பேர் விடையைத்தான் கேட்கிறார்கள்.

பணம் எங்கே போனது?

அட்டை, மூடில், வீடியோப் பட்டியல் என்று முடிவானபோது இரண்டு லட்சத்தில் ஆயிரம் ரூபாய்கூடச் செலவாகியிருக்கவில்லை. மீதியை வாரம் இரண்டு மாலை முதலாண்டுப் பிள்ளைகளோடு உட்காரும் எம்.எஸ்சி. மாணவர்களுக்கு மணிக்கணக்கில் ஊதியமாகவும், போனில் டேட்டா தீர்ந்தவர்கள் வினாடி வினா எழுத நூலகத்தில் ஐந்து பழைய கணினிகளைச் சரிசெய்யவும் ஒதுக்கினோம். மேடத்துக்கு ஒரே கவலை. "குடுத்தவங்களுக்குப் போட்டோ அனுப்பணுமே, எதைக் காட்டுறது?"

வகுப்பில் அட்டை தூக்கிய கணத்தை எடுத்து அனுப்பினேன். அறுபது கை, பாதி சிவப்பு, கொஞ்சம் பச்சை, இரண்டு நீலம். கரும்பலகையில் ஊஞ்சல் கேள்வி தெளிவாகத் தெரிந்தது. முன்னாள் மாணவர் குழுவில் முதல் பதில் பத்து நிமிடத்தில் வந்தது: "நல்லா இருக்கு சார். சிவப்புதானே சரி?" அடுத்த ஆள் பச்சை என்றார். துபாயிலிருந்து ஒருவர் இரண்டுமே இல்லை என்றார். நான் போனை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தபோது குழுவில் நூற்றுப் பதினான்கு செய்திகள் இருந்தன, யாரோ ஒருவர் சாவிக்கொத்தை நூலில் கட்டி ஆட்டி வீடியோவே எடுத்துப் போட்டிருந்தார்.